வியாழக்கிழமைச் சமையலறை

சாவி நகல் செய்யும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் அந்தத் தாய்லாந்து உணவகத்தில், வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, சுவரோரத்து இரண்டாவது மேசை எப்போதும் காலியாக இருக்கும். ஒன்பது வருடமாக அது உணவு ஆய்வாளருக்கும் அவர் மனைவிக்கும் உரிய மேசை. யாரும் அட்டை எழுதி வைத்து ஒதுக்கவில்லை. அதுவாக அமைந்துவிட்டது என்றுதான் ஆய்வாளர் நினைத்திருந்தார். உட்காருவதிலும் ஒரு மாறாத முறை உண்டு. அவர் சமையலறைக்கு முதுகைக் காட்டி, வாசல் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்து உட்காருவார். மனைவி அவருக்கு எதிரே, சமையலறையின் பரிமாறும் ஜன்னலைப் பார்த்து உட்காருவாள்.

பிறர் சமையலறைக்குள் நுழைந்து மூடிகளைத் திறந்து பார்ப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக அவர் வேலை. அந்த வேலை அவர் பசியைத் தின்றுவிட்டது. கல்யாண வீடுகளில் உரிக்காத ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவார். அலுவலக விருந்துகளில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். "அத்தானுக்கு அவிச்ச முட்டையை ஓட்டோட குடுத்துடுங்க, அவர் நம்பற பாக்கெட் அது ஒண்ணுதான்" என்று மைத்துனன் ஒருமுறை சொன்னபோது பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் முட்டையைத்தான் சாப்பிட்டார்.

பேச்சும் அப்படித்தான் குறைந்துபோனது. பார்த்ததை வீட்டு வாசற்படிக்குள் கொண்டுவருவதில்லை என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே முடிவெடுத்திருந்தார். சாப்பிடுகிற வீட்டில் அதையெல்லாம் யார் பேசுவார்கள்? பேசக் கூடாததை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், பேசுவதற்கு மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மாலையில் வந்து செருப்பைக் கழற்றி, வலது முழங்காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி இருப்பார். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். பகலெல்லாம் முப்பத்தைந்து பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து இந்த அமைதிக்குள் நுழைவாள். மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான் என்று சக டீச்சர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கடை ஒன்றுதான் விதிவிலக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழைக்கு ஒதுங்கியபோது உள்ளே வந்தார்கள். இந்தத் தெரு வேறொரு ஆய்வாளரின் சரகம். பார்க்க வேண்டிய கடமை இல்லாத சமையலறை என்ற நினைப்பே அன்று அவருக்கு ஒரு நாற்காலியில் சாய்ந்த சுகத்தைக் கொடுத்தது. அன்று எலுமிச்சைப் புல்லும் சித்தரத்தையும் போட்ட சூடான சூப்பைக் குடித்துவிட்டு, மழையைப் பார்த்தபடி, தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். அடுத்த வியாழக்கிழமையும் போகலாமா என்று கேட்டதும் அவள்தான். "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, எனக்கு இந்தப் பக்கம்தான் காத்து வருது" என்று அந்த இடத்தையே நிரந்தரமாக்கியதும் அவள்தான்.

போகப் போக அவருக்கு அந்தக் கடைமேல் மரியாதை வந்தது. உள்ளே பார்க்காவிட்டாலும் வெளியே வருவது தெரியுமே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். டம்ளரை வாய் விளிம்பில் பிடிக்காமல் அடியில் பிடித்து வைத்தார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு விரல் தடம் இருக்காது. மேசையில் வைக்கும் நான்கு ஜாடிகள், சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ், நான்கும் மூடியோடு, நான்கிலும் தனித் தனிக் கரண்டி. வேறு எந்த ஊரிலும் எந்த மேசையிலும் திறந்து வைத்த ஜாடியை அவர் தொட்டதில்லை. இங்கே தொட்டார். நூடுல்ஸ் மேல் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி, வினிகர் இரண்டு சொட்டு விட்டு, குழந்தை மாதிரி கலக்கிச் சாப்பிட்டார்.

வருடா வருடம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவர் பாடம் எடுப்பதுண்டு. அந்தப் பாடத்தைப் பெயர் சொல்லாமல் இந்தக் கடையை வைத்துத்தான் முடிப்பார். ஒரு கடை இருக்கிறது; அங்கே ஆய்வாளர் வருவது அபூர்வம்; யாரும் பார்க்காதபோதும் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள்; அப்படி ஒரு கடையாவது இருக்கிறது என்று நம்பாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. இப்படிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளைகள் குறிப்பு எடுத்துக்கொள்வார்கள்.

அன்று வியாழக்கிழமை அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கடந்த ஆறு வருடமாக அவர் பார்த்துவந்தது குளிர்பதனக் கிடங்குகள். உறைபனி அறைகள், வழுக்கும் இரும்புப் படிகள். முழங்கால் தாங்கவில்லை, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, வேறு சரகம் கொடுங்கள் என்று அவரே எழுதிக் கேட்டிருந்தார். மேலதிகாரி இன்று காலை சிரித்துக்கொண்டே உத்தரவைக் கொடுத்தார். வீட்டுப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், நடந்தே போகலாம் என்றார். பஸ்ஸில் உட்கார்ந்துதான் தெருக்களின் பட்டியலைப் படித்தார். பதினொன்றாவது வரியில் இந்தத் தெரு இருந்தது.

தன் சரகத்தில் இருக்கும் கடையில் ஆய்வாளர் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. முழுப் பணம் கொடுத்தாலும் கூடாது. அது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவரும் இருந்தார்.

கடைக்கார அம்மாளின் மருமகன் சூப்பைக் கொண்டுவந்து வைத்தான். கடையை நடத்துவதும் சமைப்பதும் ஒரு தாய்லாந்து அம்மாள். இவன் அவர் மகளைக் கட்டிய உள்ளூர்க்காரன், நாற்பது வயது. மாமியார் ஜன்னலில் இருக்கும் மணியை ஒரு தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடிவருவான். எல்லோரும் அவனை மருமகன் என்றே கூப்பிட்டார்கள். கட்டிய பெண்டாட்டி உட்பட, என்பான் அவன்.

"இன்னிக்கு என்ன, சார் டல்லா இருக்கீங்க?" என்றான். "நாலு நாள் என் எடத்துல இருந்து பாருங்க. வேலையும் மாமியார் வீடு, வீடும் மாமியார் வீடு. வெளிய எடுக்க ஜாமீன் போடக்கூட ஆள் கெடையாது."

மணி ஒலித்தது. அவன் ஓடினான். வழக்கமாக இதற்குச் சிரிக்கும் ஆய்வாளர் இன்று கரண்டியால் சூப்பில் மிதந்த இலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். தேர்வறையில் முப்பது வருடம் நின்றவள். ஒருவன் பேனாவைப் பிடிக்கிற விதத்திலேயே அவனுக்கு விடை தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிப்பவள். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பச்சை மிளகாய் அரைத்துவிட்ட தாய்லாந்துக் கறியும் சோறும் வரும்வரை காத்திருந்தாள்.

"மாத்தல் வந்துடுச்சு," என்றார் கடைசியில். "ஐஸ் கிடங்கு இனிமே இல்ல."

"நல்லதுதானே. முட்டி பொழைச்சுது."

"எந்தத் தெருன்னு கேக்கலையே."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் போன திசையில், வாசல் கண்ணாடிக்கு வெளியே, சாவிக் கடைக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

அவர்களுக்குள் மௌனம் புதிதில்லை; வாரத்தில் ஆறு நாள் அதில்தான் குடியிருந்தார்கள். இந்த மேசைக்கு மட்டும் அது வந்ததில்லை. இப்போது முகவரி கண்டுபிடித்து இங்கேயும் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. கறியின் மேல் தேங்காய்ப் பால் மெல்லிய ஆடையாகப் படிய ஆரம்பித்தது.

அவர் மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். நாளை மத்தியானத்துக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பழைய சரகத்திலேயே விட்டுவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் மூன்று வருடம் இரும்புப் படி. கொடுக்காவிட்டால் இன்றைக்கு இதுதான் கடைசி வியாழக்கிழமை. இந்தக் கடையை முறைப்படி ஆய்வு செய்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதாம். முதல் வேலையாகத் திங்கட்கிழமையே வந்து பார்க்க வேண்டும். "பஸ்ஸுல வரும்போது முட்டியை ஒரு பக்கம் வெச்சேன், இந்த மேசையை ஒரு பக்கம் வெச்சேன். ரெண்டும் சமமா நிக்குது," என்றார்.

மனைவி நான்கு ஜாடிகளையும் ஒரே வரிசையில் நகர்த்தி வைத்தாள். மனம் வேறெங்கோ இருக்கும்போது கை அப்படி எதையாவது அடுக்கும்.

"திங்கக்கிழமை போகாதீங்க," என்றாள். "வியாழக்கிழமை போங்க."

"ஏன்?"

அவள் கை நின்றது. தவளை தன் வாயால் கெட்டது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதட்டை ஒருமுறை மடித்துக்கொண்டாள்.

"சொல்லு டீச்சர்."

"வியாழக்கிழமைன்னா சுத்தமா இருக்கும்."

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருட வேலையில் கற்றது அது: மூடியை முழுவதும் திறக்க வேண்டியதில்லை, கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சும்மா நின்றால் போதும், மிச்சத்தை அவர்களே திறந்துவிடுவார்கள்.

அவளும் திறந்தாள். முதல் மாதத்திலேயே ஜன்னல் வழியாக அவள் பார்த்துவிட்டாளாம். அந்த அம்மாள் தோளில் ஒரு துணியைப் போட்டிருந்தார். கையைத் துடைத்ததும் அதில்தான், தட்டு ஓரத்தைத் துடைத்ததும் அதில்தான். குளிர்பெட்டி திறந்தபோது மேல் தட்டில் பச்சைக் கோழி, அதற்குக் கீழே, அதன் நீர் சொட்டும் இடத்தில், நறுக்கி வைத்த கீரை. இவர் அப்போது தெருவைப் பார்த்துக்கொண்டு சிரித்துச் சிரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். கை கழுவப் போவதுபோல எழுந்து ஜன்னலுக்குப் போனாள். என் வீட்டுக்காரர் உணவு ஆய்வாளர், அவர் வெளியே எங்கேயும் சாப்பிடாதவர், இங்கே மட்டும்தான் சாப்பிடுகிறார், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சலாகத்தான் சொன்னாள். அந்த அம்மாளுக்கு இந்த ஊர்ப் பேச்சு அப்போது அரைகுறை. அவ்வளவு நீளப் பேச்சில் அவருக்குப் புரிந்தது ஆய்வாளர் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அடுத்த வியாழக்கிழமை சமையலறையில் எல்லோர் தலையிலும் தொப்பி இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு பாஷை வளர்ந்தது. டீச்சர் தன் தோளைத் தொட்டால் துணி. காதைத் தொட்டால் தொப்பி. டம்ளரை லேசாகச் சாய்த்தால் கழுவியது போதவில்லை. ஒன்பது வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து தெருவைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவள் ஒரு சமையலறையையே மறைத்திருந்தாள்.

ஆய்வாளருக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. நாள் முழுதும் நடந்து திரும்பியவன் தான் நடந்தது வேறு ஊரில் என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அலுப்புதான் வந்தது. அடியில் பிடித்த டம்ளர்கள். மூடியுள்ள ஜாடிகள். காலியாகவே இருந்த மேசை. ஊரில் ஓர் இடத்திலாவது தான் யாரோ ஒருவன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார். இங்கேதான் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஒம்பது வருஷமா நான் சாப்பிட்டது கடைச் சாப்பாடு இல்ல," என்றார். "ஆய்வுச் சாப்பாடு."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"போன மாசங்கூட வகுப்புல சொன்னேன். யாரும் பார்க்காதப்பவும் சரியா நடக்கற கடைன்னு."

"தெரியும். அதை நீங்க வீட்ல ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் நான் எந்திரிச்சு உள்ள போயிடுவேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த ஜன்னலைப் பார்த்தார். நினைத்ததைவிடச் சிறிய ஜன்னல். ஆவிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு ஒரு வட்ட முகம், உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் உலக்கை பாதியில் நின்றது. அந்த அம்மாளின் கண் உடனே அவரைத் தாண்டி டீச்சரிடம் போனது. டீச்சர் தன் காதைத் தொட்டாள். அந்த அம்மாள் வெளியே வந்திருந்த ஒரு முடிக்கற்றையைத் தொப்பிக்குள் தள்ளினார்.

ஆய்வாளர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பழக்கம்," என்றாள் அவள், கையை மடிக்கு இறக்கியபடி.

மற்ற மேசைகளில் மூன்று நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடைப் பெண் ஒருத்தி தனியாக நூடுல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் திங்கட்கிழமையும் வருவாளாக இருக்கும். செவ்வாய்க்கிழமையும். ஆய்வாளர் அவளைப் பார்த்ததை மனைவியும் பார்த்தாள். அவர் கேட்கும் முன்பே அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

தட்டிலிருந்த ஒரு பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"சொன்னா நீங்க வர மாட்டீங்க. வரலன்னா பேச மாட்டீங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம், எனக்கு இருந்தது அதுதான்."

கறியை அவர்கள் முடிக்கவில்லை. மருமகன் பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றார். வாசலில், அடுத்த வியாழன் பார்ப்போம் சார் என்று அவன் வழக்கம்போலச் சொன்னதற்கு ஆய்வாளர் தலையை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை. திங்கட்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமையும் வியாழக்கிழமை ஆகிவிடும். மனைவி அந்த வார்த்தையை எதிர்பார்த்து ஓர் அடி தள்ளியே நின்றாள். அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தெருமுனையில் அவர் முழங்காலுக்காக நின்றார். அவளும் நின்றாள்.

"ஐஸ் கிடங்குக்குத் திரும்பிப் போகாதீங்க," என்றாள். "முட்டியும் போயிட்டா நான் யாரோட நடக்கறது?"

மறுநாள் மத்தியானம் வந்தது, போனது. அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் அந்தக் கடையில் சாப்பிட்டவன் நான் என்பதை மட்டும் மேலதிகாரியிடம் சொன்னார். இனிமேல் சாப்பிடாமல் இருந்தால் சரி என்று அவர் கோப்பிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

திங்கட்கிழமை போகவில்லை. அந்தக் கிழமையைத் தன் வாயால் சொல்லிவிட்டதால், மனைவியின் மனத்தில் அது இருக்கிறது என்பதாலேயே தவிர்த்தார். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, வெப்பமானியும் படிவங்களும் இருந்த பையோடு கதவைத் தள்ளினார். மருமகன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்து முகம் மலர்ந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"சார், இன்னிக்கு செவ்வாய்க்கிழமை," என்றான்.

"தெரியும்ப்பா."

சமையலறைக்குள் நுழைந்தபோது அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேல், கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். டீச்சர் வந்திருக்கிறாளா என்று தேடுகிறார் என்பது ஆய்வாளருக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்த முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. காதைத் தொடுவதா தோளைத் தொடுவதா என்று தெரியாமல் கை நடுவிலேயே நின்றது.

தொப்பி ஆணியில் தொங்கியது. துணி தோளில் கிடந்தது. குளிர்பெட்டி ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், ஒன்பது காட்டியது. அரைத்த விழுது ஒரு வாளியில் தேதி ஒட்டாமல் இருந்தது. மோசமான சமையலறை என்று சொல்ல முடியாது. நல்ல சமையலறை என்றும் எழுத முடியாது. அவர் இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த ஆயிரம் சமையலறைகள் மாதிரி ஒரு சமையலறை. ஒவ்வொன்றாக எழுதினார்.

கடைசியாகக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. முழங்கால் முனகியது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். நறுக்கிய கீரை மேல் தட்டில் இருந்தது. கோழி, மூடி போட்ட பெட்டியில், எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக இருந்தது. பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு. நீர் வடிந்தால் அதிலேயே நிற்கும்படி. பெட்டி அந்த இடத்தில் பல காலமாக இருந்ததற்குத் தடம் இருந்தது. ஒரு நாளுக்காக நகர்த்தியது இல்லை அது.

அவர் அப்படியே குந்தியிருந்ததைப் பார்த்து, ஏதோ பெரிய தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று அந்த அம்மாள் பயந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குனிந்து, கோழிப் பெட்டியை விரலால் சுட்டி, "டீச்சர்," என்றார். பிறகு கீரையைச் சுட்டி, மறுபடியும், "டீச்சர்."

சரியாக இருப்பதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. நான்கு குறைகளை எழுதி, பதினைந்து நாள் கெடு கொடுத்து, கையெழுத்துப் போட்டார். மருமகன் படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்தான். இந்தத் தடவை ஜாமீன் பேச்சு எதுவும் பேசவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தார்கள். வழக்கமாகக் கூடத்தில் டிவிக்கு முன்னால் சாப்பிடுவார்கள். அன்று மனைவி சமையலறையில் இருந்த மடக்கு மேசையை விரித்து இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். சோறும், ஒரு குழம்பும், வதக்கிய பீன்ஸும். அவர் போன கையோடு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்காரப் போனார்.

"அங்க இல்ல," என்றாள். "இந்தப் பக்கம் உக்காருங்க."

இடம் மாறி உட்கார்ந்தார். அடுப்பு, பாத்திரத் தொட்டி, அலமாரி எல்லாம் அவர் கண் முன்னால் இருந்தன. அவள் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பரிமாறினாள். முதல் கவளத்தை இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இரண்டாவதையும். பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் கேட்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. இந்த மேசையிலும் மௌனம் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரப் பார்த்தது.

"ஃப்ரிட்ஜ் ஒம்பது டிகிரி," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டு வாசற்படிக்குள் அப்படி ஒரு எண் வந்தது இதுதான் முதல் தடவை.

"தொப்பி?" என்றாள் மெதுவாக.

"ஆணியில."

"துணி?"

"தோள்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். பத்து தடவை சொல்லிக் கொடுத்த கணக்கை மறுபடியும் தப்பாகப் போட்ட மாணவியைப் பற்றிக் கேட்டது போல இருந்தது அது. பிறகு, கேட்கவே வேண்டாம் என்று நினைத்தும் கேட்பவளாக, "கோழி?" என்றாள்.

"கீழ்த் தட்டுல. மூடி போட்டு. செவ்வாக்கிழமைல."

அவள் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். கண்ணைக் கொஞ்ச நேரம் தட்டில் வைத்திருந்தாள். பிறகு அவர், அந்த அம்மாள் விரல் நீட்டி ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னதையும், தான் குந்திய இடத்திலிருந்து எழ மருமகன் கை கொடுக்க வேண்டியிருந்ததையும் சொன்னார். மருமகன் 'செவ்வாய்க்கிழமை' என்று சொன்ன குரலை அப்படியே பேசிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவர் கண், அவள் தோளுக்குப் பின்னால், தொட்டிக் குழாயில் தொங்கிய துணியில் போய் நின்றது. பல நாள் கறையேறிய துணி.

"எழுதிக்கோங்க," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலேயே.

"பதினஞ்சு நாள் டைம் இருக்கு."

இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பேக்கரியில் மாவு டிரம்மைத் திறந்த கதை ஒன்று இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. அது நாக்கு நுனிவரை வந்து, தட்டைப் பார்த்து நின்றது.

"சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்றேன்," என்றார்.

"பரவால்ல," என்றாள். "இப்பவே சொல்லுங்க."